கண்ணைக் காக்கும் உணவும் பயிற்சியும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?' என்பது நம் வீடுகளிலே அடிக்கடி வழங்கும் ஒரு பழமொழி. காலங்கடந்து வருந்துகிறவனைப் பார்த்துச் சொல்லுகிறோம். ஆனால் அந்தப் பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துச் சிந்திப்பவர் மிகச் சிலர். கண் கெடுமுன் அதனைக் காப்பதற்கு நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலில் எமது குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவது முறையாகும். நாம் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், எமது வகுப்பிலே தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். வாயாற் கேட்டால் விடை சொல்லுவான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்து எழுதுவான். அதனைக் களவென்று கருதி நாம் அவனைக் கடைசி வாங்கிலே தனியே இருத்தினோம். அடித்ததும் உண்டு. 'மக்கு' என்ற பெயரும் அவனுக்கு நிலைத்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். சில ஆண்டுகள் சென்றபின், ஒரு தீபாவளிக்கு ஊர் வந்தவன் மூக்குக் கண்ணாடியோடு எம்மைப் பார்க்க வந்தான். கடை முதலாளி அவனைக் கண் வைத்தியரிடம் அனுப்பியிருந்தார். அவன் சொன்ன சொல்லை நாம் மறக்கவில்லை. "சேர், நீங்க போர்டுல எழுதுனது எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான்.

அன்பர்களே! அவன் எம்மீது கோபங்கொள்ளவில்லை. கொண்டிருந்தால் எமது மனம் சற்று ஆறியிருக்கும். ஒரு சோடி கண்ணாடிக்காக ஒரு பிள்ளையின் கல்வி போயிற்று. அந்தக் கடனை ஓரளவேனும் தீர்க்கவே இந்த விஷயத்தைப் படித்தும், வைத்தியர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே சொல்லுகின்றோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடி மக்களுக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. அஃதாவது, ஏறக்குறையப் பாதிப்பேர் விதியால் அல்ல, கவனக் குறைவால் வருந்துகின்றனர்.

இனி, உணவைப் பற்றிப் பார்ப்போம்.

நமது கண்ணின் உட்புறத்திலே விழித்திரை என்றொரு மெல்லிய திரை உண்டு. மங்கிய ஒளியிலே பார்ப்பதற்கு உதவும் ஒரு நிறப்பொருள் அங்கே இருக்கிறது. அதனை உண்டாக்குவதற்கு விற்றமின் 'ஏ' என்னும் உயிர்ச்சத்து வேண்டும். இந்த உயிர்ச்சத்தை 1913ஆம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானி மக்கொலம் என்பவரும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்தனர். அது பார்வைக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதை விளக்கிய ஜோர்ஜ் வோல்ட் என்பவருக்கு 1967ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால், மாலைக்கண்ணுக்கு ஈரலை மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் இவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முற்பட்டது. பண்டை எகிப்திலும் கிரேக்கத்திலும் அது இருந்தது. இந்த உயிர்ச்சத்து ஈரலிலேயே சேமித்து வைக்கப்படுகிறது என்பது பின்னரே தெரியவந்தது.

இந்தச் சத்துக் குறையும்போது முதலிலே தோன்றுவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் பிள்ளை வாசற்படியிலே தடுக்கி விழும். எதிரே வைத்த கோப்பையைத் தடவித் தேடும். விளையாட்டை விட்டுத் தாயின் அருகே ஒதுங்கும். பின்னர் கண்ணின் வெள்ளை விழி பளபளப்பிழந்து வறளும். அதிலே சவர்க்கார நுரை போன்ற சிறு வெண்படை தோன்றும். அதற்கு மேலும் கவனியாது விட்டால் கருவிழி இளகிப் புண்ணாகி, பார்வை மீளாதபடி போய்விடும். சின்னமுத்து, வயிற்றோட்டம் முதலியவை வந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கண்ணோடு இது முடிவதுமில்லை. இந்தச் சத்துக் குறைந்த பிள்ளைகள் ஏனைய நோய்களாலும் எளிதில் இறக்கின்றனர் என்பதை, அல்பிரட் சோமர் என்னும் வைத்தியர் இந்தோனேசியாவிலே செய்த ஆராய்ச்சி 1980களில் உலகுக்கு உணர்த்தியது.

நமது நாட்டிலும் இது புதிய செய்தியன்று. கொழும்பிலே பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்தியர், உணவுக் குறையால் மனிதரின் தோல் தேரையின் தோலைப்போலச் சொரசொரப்பாவதை 1933ஆம் ஆண்டிலே விவரித்து எழுதினார். அதனை விற்றமின் 'ஏ' குறைவோடு அவர் தொடர்புபடுத்தினார்; வேறு சத்துக் குறைவுகளும் அதற்குக் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் கூறினர். மதுரையிலே 1976ஆம் ஆண்டில் பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், கத்தி பிடிக்கும் வைத்தியராக மாத்திரம் இருக்கவில்லை. சத்துக்குறைவாற் பார்வை மங்கும் பிள்ளைகளுக்கு உணவூட்டி, தாய்மாருக்குச் சமையலும் கற்பிக்கும் நிலையத்தையும் நடத்தினார். கண்ணுக்கு மருந்து அடுப்பங்கரையிலும் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிற்க, நம் ஊவா மாகாணத்தின் நிலை என்ன? வெலிமடையிலும் பண்டாரவளையிலும் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா என்று மலை மலையாக விளைகின்றன. கெப்பெட்டிபொலச் சந்தையிலிருந்து லொறிகள் இரவோடிரவாகக் கொழும்புக்குப் போகின்றன. அந்த லொறிகள் போகும் பாதையோரத்து லயங்களிலே காலை ரொட்டியும் சம்பலும், மத்தியானம் ரொட்டியும் சம்பலும், இரவு சோறும் ஒரு பருப்புக் கறியும்! 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே முட்டையும் பாலும் பல காம்பராக்களுக்கு எட்டாக் கனியாகிவிட்டன. பெரட்டுக்கு விடியற்காலையில் ஓடும் தாய், மூன்று கறி சமைக்கவில்லையென்று நாம் குறை சொல்லலாகாது. அவளுடைய கூலிக்கும் நேரத்துக்கும் உள்ளே எதைச் செய்யலாம் என்பதையே சொல்லவேண்டும்.

முதலாவது, கீரை. பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, அகத்தி, முருங்கையிலை இவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் இலையிலே விழவேண்டும். பதுளை, பசறைப் பக்கத்துப் பள்ளங்களிலே முருங்கை நன்கு வளரும். நமுனுகுலை போன்ற குளிர் மலைகளிலே அது செழியாது. அங்கே லயத்து இஸ்தோப்புக்கு முன்னால் உள்ள நாலடி மண்ணிலும், பழைய உரப் பையிலும் பொன்னாங்காணித் தண்டை ஒடித்து நட்டால் போதும். விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. கீரைகளிலே கண்ணின் நடுப்பார்வையைக் காக்கும் வேறு நிறச்சத்துக்களும் உண்டு.

இரண்டாவது, மஞ்சளும் செம்மஞ்சளுமான காய்கனிகள். கரட், வட்டக்காய், பழுத்த பப்பாசி, மாம்பழம், உள்ளே மஞ்சளான வற்றாளங்கிழங்கு என்பன. நடுத்தரமான ஒரு கரட், ஒரு சிறுபிள்ளையின் ஒருநாள் தேவையை ஏறக்குறைய நிறைவேற்றும். சந்தையிலே முறிந்ததும் கோணியதுமான கரட் மலிவாகக் கிடைக்கும். கோணிய கரட்டிலே சத்துக் கோணுவதில்லை.

மூன்றாவது, கொழுப்பு. கீரையிலும் கரட்டிலும் உள்ள சத்து எண்ணெயோடு சேர்ந்தாலன்றி உடம்பிலே நன்கு சுவறாது. ஆகவே வெறும் நீரில் அவித்துப் பிழியாமல், தேங்காய்ப்பூவோடு வறையாகவோ, சிறிது எண்ணெயில் தாளித்தோ உண்க. கரட்டைப் பச்சையாகக் கடிப்பதிலும் மெதுவாக வேகவைத்து உண்பதே நன்கு செரிக்கும்.

மரக்கறி உண்போர் பால், தயிர், நெய் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றையோருக்கு முட்டையும் நெத்தலி முதலிய சிறு மீன்களும் நல்லவை. குழந்தைக்கு ஆறு மாதம் வரையும் தாய்ப்பாலே போதும். அதன்பின் மசித்த வட்டக்காயும் கீரையும் கொடுத்துப் பழக்குக. கிளினிக்கிலே குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு வழங்கும் விற்றமின் 'ஏ' மருந்தைத் தவறவிடலாகாது. அங்கே தரப்படும் திரிபோஷா மாவு அந்தத் தாய்க்கும் சேய்க்குமே உரியது. வீட்டிலே எல்லாரும் பங்கிட்டால் எவருக்கும் பயனில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கர்ப்பிணித் தாய்மார் வைத்தியரைக் கேளாது விற்றமின் 'ஏ' மாத்திரைகளை விழுங்குவதும் ஈரலை மிகையாக உண்பதும் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்காகலாம். கீரைக்கும் கரட்டுக்கும் அந்தப் பயமில்லை.

கரட் தின்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று சிலர் நம்புகின்றனர். இரண்டாம் உலகப்போரிலே, ஆங்கிலேய விமானிகள் கரட் தின்றதால் இருளிலும் பகைவரைக் கண்டனர் என்று ஒரு கதை பரப்பப்பட்டது. உண்மையில் அவர்களுக்கு வழிகாட்டியது ராடார் என்னும் புதிய கருவி. சத்துக் குறைந்தவனுக்கு உணவு பார்வையைத் தரும். கண்ணின் அமைப்பிலே உள்ள குறைக்குக் கண்ணாடியே வேண்டும்.

உணவைப் பற்றிய பேச்சை முடிக்குமுன் முதியோருக்கு ஒரு சொல். சீனி வியாதி நீண்டகாலம் கட்டுக்கடங்காதிருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும். வலி இராது, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே சீனி வியாதி உள்ளவர் ஒவ்வொருவரும், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பைத் தேநீர் குடிப்பவர், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டால் என்ன ஆகும் என்று தாமே கணக்குப் பார்த்துக்கொள்க. புகைபிடித்தல் கண்புரையையும் நடுப்பார்வைக் கேட்டையும் விரைவுபடுத்தும்.

அடுத்து, பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவிலே பேற்ஸ் என்னும் கண் வைத்தியர், கண்ணாடியில்லாமலே பயிற்சியாற் பார்வையைத் திருத்தலாம் என்று 1920ஆம் ஆண்டிலே ஒரு நூல் எழுதினார். அவருடைய முறைகள் இந்தியாவுக்கும் வந்து, நம்மவரிடையேயும் பரவின. உள்ளங்கையாற் கண்ணை மூடியிருத்தல், விழியைச் சுழற்றுதல் முதலியன களைத்த கண்ணுக்கு இளைப்பாறுதல் தரும், அதிலே தவறில்லை. ஆனால் அவை கிட்டப்பார்வையைத் தீர்ப்பதாக ஆராய்ச்சி எதுவும் நிரூபிக்கவில்லை. சூரியனை வெறுங்கண்ணாற் பார்க்கும் பயிற்சியோ பெருந்தீங்கு. அது விழித்திரையைச் சுட்டுவிடும். சூரிய நமஸ்காரம் செய்யும் வாலிபர்கள் உடலை வளைத்து வணங்குக. கதிரவனை உற்றுப் பார்க்கவேண்டாம். இல்லையெனில் சூரிய நமஸ்காரத்தாலேயே கண் கெட்டது என்று பழமொழியைத் திருப்பிச் சொல்ல நேரிடும்.

அப்படியானால் பயன்தரும் பயிற்சி எது? பிள்ளைகளுக்கு வெளிச்சத்திலே விளையாட்டு! சீனாவின் குவாங்சோ நகரிலே முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்தனர். மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே சென்ற பிள்ளைகளில் 30.4 பேருக்கே வந்தது. இந்த முடிவு 2015ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. தைவானிலும் பள்ளிப்பிள்ளைகள் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியிலே இருக்கவேண்டுமென்று வற்புறுத்துகின்றனர். பகலொளியே இங்கே மருந்து. நமது மலைகளிலே அந்த மருந்துக்கு விலையில்லை.

ஆனால் இன்றைய பிள்ளைகளின் கண் கைத்தொலைபேசியிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவாவின் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையும் மரமும் ஏறிப் படித்ததை நாம் அறிவோம். அது கல்விக்காகச் செய்த தவம்; அதனைப் போற்றுகின்றோம். பாடசாலை திறந்தபின்னும், மணிக்கணக்காக ஒரு சாண் திரையிலே குனிந்திருப்பது தவமாகாது. திரையும் புத்தகமும் முகத்திலிருந்து முழங்கைக்கும் விரலுக்கும் இடைப்பட்ட நீளமாவது தள்ளியிருக்கவேண்டும். இருபது நிமிடத்துக்கொருமுறை தலைநிமிர்ந்து எதிர்மலையைப் பாருங்கள், பலமுறை இமையுங்கள். கண் வறட்சிக்கும் களைப்புக்கும் இதுவே எளிய பரிகாரம்.

பெரியவர்களுக்கு நடையே பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சீனியும் இரத்த அழுத்தமும் அடங்கும். அவை அடங்கினாற் கண்ணும் பிழைக்கும். மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இது சொல்லவேண்டியதில்லை. மேசையிலே இருக்கும் நம்போன்றோருக்கே சொல்லுகின்றோம்.

கண்ணுக்கு வரும் வேறு சில ஆபத்துக்களையும் சுருக்கமாகச் சொல்லுவோம். மருந்து தெளிக்கும் போதும் கவ்வாத்து வெட்டும் போதும் கண்ணுக்கு மறைப்பு அணிக. இரசாயனம் பட்டால் உடனே சுத்தமான நீரால் கால்மணி நேரத்துக்குக் குறையாமற் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுக. தாய்ப்பால், இலைச்சாறு, தேன், யாருக்கோ கொடுத்து மிஞ்சிய சொட்டுமருந்து இவற்றைக் கண்ணிலே விடுவது பெரும் பிழை.

நமக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர், நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர். கண் மங்கியபோது "வயசானா அப்பிடித்தான்" என்று அவரும் சொன்னார், வீட்டாரும் சொன்னார்கள். கடைசியில் கைத்தடவலாலே அடுப்பு மூட்டினார். அவருடைய பேரன், இச்சங்கத்து வாலிபன், ஒருநாள் லீவு போட்டு அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றான். கண்புரை என்றார்கள். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறொரு வில்லையை வைத்தார்கள். கட்டவிழ்த்து வீடு வந்த பெரியம்மா முதலிலே சொன்னது, "அடி ஆத்தி, இந்தச் செவுரு இவ்வளவு கரியாவா இருந்துச்சு!" என்பதே. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கரி எங்கிருந்து வந்தது? விறகடுப்பின் புகையும் கண்புரைக்கு ஒரு காரணமென்று இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சுவரிலே படிந்தது அவருடைய கண்ணையும் நாற்பதாண்டு வருத்தியிருக்கிறது. புகைபோக்கி வைப்பதும் கண் வைத்தியமே.

வாலிப அன்பர்களே! கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இச்சொற்பொழிவு அமையலாகாது. நமது சங்கம் இவ்வாண்டிலே மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று, ஒல்லாந்து வைத்தியர் சினெல்லன் 1862ஆம் ஆண்டிலே வகுத்த எழுத்து அட்டையைப் போன்ற ஒன்றை வாங்கி, இம்மண்டபச் சுவரிலே மாட்டுவோம். ஆறு மீற்றர் தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் வாசிக்கச் செய்தால், எந்தப் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்பது தெரிந்துவிடும். எழுத்தறியாத சிறுவருக்குப் படமுள்ள அட்டையும் உண்டு. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டு, ஒவ்வொரு உறுப்பினரும் தம் லயத்திலே மூன்று வீட்டுக்குப் பொன்னாங்காணித் தண்டோ முருங்கைக் கம்போ கொடுத்து நட்டுவைக்கட்டும்.

மூன்று, மாதமொருமுறை, பார்வை மங்கிய முதியோர் நால்வரையேனும் கைபிடித்துக் கண் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம். அரசாங்க ஆஸ்பத்திரியிலே சிகிச்சை இலவசந்தான்; ஆனால் மடூல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் வரும் ஒரு கிழவிக்கு பஸ் கூலியும், நம்பர் எடுக்கும் கையும், பயப்படாதே என்று சொல்லும் வாயும் வேண்டும். அந்தக் கையும் வாயும் நாமாவோம்.

கண்ணப்ப நாயனாரின் திருக்கதையைப் பிள்ளைப் பருவத்திலே கேட்டு வளர்ந்தவர் நாம். நமது நாட்டிலே டாக்டர் ஹட்சன் சில்வா அவர்கள் 1961ஆம் ஆண்டிலே கண்தான சங்கத்தை நிறுவினார். 1964ஆம் ஆண்டு முதல் இந்நாட்டவர் இறந்தபின் கொடுத்த கண்கள் கடல் கடந்தும் சென்று பார்வை தருகின்றன. இறந்தபின்னும் கண்ணைக் கொடுக்கத் துணிந்த நாட்டிலே, உயிரோடிருக்கும் பிள்ளையின் கண்ணை ஒரு பிடி கீரைக்கும் ஒரு சோடி கண்ணாடிக்கும் இழக்கவிடலாமா?

ஆசிரியராக இருப்பவர்களுக்கும் இனி ஆகப்போகும் வாலிபர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கரும்பலகையைப் பார்த்து எழுதாத பிள்ளையை அடிக்குமுன், முன் வாங்கிலே இருத்திப் பாருங்கள். நாம் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.